பாட்டு இருக்கிறது, பெட்டி பாட மாட்டேன் என்கிறது: ஒரு மைக் செட்காரர் மகளின் குறிப்புகள்

அப்பா மைக் செட்காரர். அறந்தாங்கியைச் சுற்றியுள்ள ஊர்களில் காதுகுத்து, கல்யாணம், மது எடுப்பு, முளைப்பாரி என்று எது நடந்தாலும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார். 1984இல் இசைத்தட்டோடு தொழிலுக்கு வந்தவர். பிறகு கேசட், அப்புறம் சிடி. 2011 வாக்கில் வாங்கிய ஆம்ப்ளிஃபயரில் பென் டிரைவ் செருகும் இடமும் சேர்ந்தே வந்தது. தட்டும் கேசட்டும் இருந்தவரை எங்களை எதையும் தொட விடமாட்டார். பென் டிரைவ் வந்த அன்று, "தாயி, இது ஒன் வேல" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி வெள்ளி, காலை நாலரை மணி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். அப்பா போனில், "தாயி, பெட்டி பேசல." முதலில் பிள்ளையார் பாட்டு பாடியதாம். இரண்டாவது பாட்டில் சத்தமே இல்லை. பிறகு எண் தானாக ஓடி ஐந்தாவது பாட்டில் போய் நின்றதாம். ஆறு, ஏழு, எட்டு மறுபடி ஊமை. வண்டியில் எப்போதும் கிடக்கும் கேசட் டெக்கை இறக்கி அன்றைக்குச் சமாளித்தார்.

பென் டிரைவ் வீட்டுக்கு வந்ததும் எண்ணிப் பார்த்தேன். 412 பாட்டு. அதில் எம்பி3 வெறும் 187. மிச்சமெல்லாம் எம்4ஏ, டபிள்யூஎம்ஏ, ஃப்ளாக். என் லேப்டாப்பில் 412ம் ஒழுங்காகப் பாடின. நான் ஏமாந்தது அங்கேதான். முந்தைய நாள் லேப்டாப்பில் விஎல்சி என்ற இலவச ப்ளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று அனுப்பியிருந்தேன். விஎல்சி எதைக் கொடுத்தாலும் தின்னும். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் சின்னப் பலகை அப்படியில்லை. அதற்குத் தெரிந்தது எம்பி3. சிலவற்றுக்குச் சுருக்காமல் வைக்கும் வேவ், அதிர்ஷ்டம் இருந்தால் டபிள்யூஎம்ஏ. தெரியாததைக் கொடுத்தால் "தெரியாது" என்றுகூடச் சொல்லாது, தாண்டிப் போய்விடும். பழைய கார் ஸ்டீரியோ, டவுன் பஸ்ஸில் இருக்கும் ப்ளேயர், டீக்கடைப் பெட்டி எல்லாம் இதே ஜாதிதான்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். மைக் செட் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, பழைய ஹார்ட் டிஸ்கில் பாட்டு வைத்துக்கொண்டு காரில் பாடவில்லையே என்று முழிப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூள் இருக்கும், பிஸ்கட் டின்னில் ஊசி நூல் இருக்கும். பாட்டு ஃபைலும் அப்படித்தான். பெயருக்குப் பின்னால் வரும் புள்ளியும் மூன்று நான்கு எழுத்தும் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு. டப்பா வேறு, உள்ளே பாட்டைச் சுருக்கி வைத்திருக்கும் முறை வேறு. அந்த முறைக்குக் கோடெக் என்று பெயர். எம்4ஏ என்ற ஒரே டப்பாவில் ஏஏசியும் இருக்கலாம், ஏஎல்ஏசியும் இருக்கலாம். முன்னது பாட்டின் ஒரு பகுதியை விட்டுவிட்டுச் சுருக்குவது. பின்னது எதையும் விடாமல் மடித்து வைப்பது. சீட்டைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

சீட்டை மாற்றினால் சரக்கு மாறாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி முதலில் செய்த வைத்தியம் அதுதான்: எம்4ஏ என்று முடிந்ததையெல்லாம் பெயர் மாற்றி எம்பி3 ஆக்கினான். லேப்டாப்பில் அப்போதும் பாடியது, ஏனென்றால் விஎல்சி சீட்டைப் பொருட்படுத்தாமல் டப்பாவைத் திறந்து பார்க்கும். ஆம்ப்ளிஃபயரோ சீட்டை நம்பி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் துப்பியது.

விண்டோஸ் இந்தச் சீட்டை மறைத்தே வைத்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் அடியுங்கள். பிறகு விஎல்சியில் பாட்டைத் திறந்து கன்ட்ரோலோடு ஜே எழுத்தை அழுத்தினால் கோடெக் பெயர், ஒரு நொடிக்கு எத்தனை சாம்பிள் (ஒலியை எத்தனை முறை அளந்து வைத்திருக்கிறது), மோனோவா ஸ்டீரியோவா என்பதெல்லாம் வரும். நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டுமானால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபோல்டரையே இழுத்துப் போடலாம். கூடவே ஃபைலின் அளவையும் பாருங்கள். நாலு நிமிடப் பாட்டு 1 கேபி, 2 கேபி என்று காட்டினால் உள்ளே பாட்டே இல்லை. பக்கத்து ஊர் டீக்கடைக்காரர் ஒருவர் 300 பாட்டு ஏற்றியதாகச் சொல்லிப் பென் டிரைவ் கொண்டுவந்தார். அத்தனையும் ஷார்ட்கட். பாட்டு அவர் மருமகன் கணினியிலேயே பத்திரமாக இருந்தது.

இதற்கு முன்னோடி எங்கள் சித்தப்பா. 2001இல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு சிடி நிறையப் பழைய பாட்டு கொண்டுவந்தார். எல்லாம் ரேம் என்று முடியும் ஃபைல்கள். அந்தக் காலத்தில் இணையத்தில் பாட்டுக் கேட்பதென்றால் பெரும்பாலும் ரியல் ஆடியோதான். 1995இல் வந்த அது, டயல்அப் இணைப்பிலும் ஓட வேண்டும் என்பதற்காகப் பாட்டைப் பிழிந்து சக்கையாக்கி அனுப்பும். ரேம் ஃபைலில் அந்தச் சக்கைகூட இருக்காது. பாட்டு எந்த முகவரியில் இருக்கிறது என்ற ஒரு வரி மட்டும். சித்தப்பா கொண்டுவந்தது வீட்டு முகவரி எழுதிய 300 துண்டுச் சீட்டு. ஆனால் ஆர்எம், ஆர்ஏ என்று முடிபவை உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் பாட்டு இருக்கும், விஎல்சி பெரும்பாலும் பாடிவிடும்.

இனி அப்பாவின் ஹார்ட் டிஸ்கில் கிடந்தவை.

எம்பி3யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் உருவானது, 1995இல் அந்த மூன்றெழுத்துச் சீட்டு வந்தது. 2017இல் அதன் உரிமக் கட்டண ஏற்பாட்டையும் முடித்துக்கொண்டார்கள். எந்தப் பெட்டியும் பாடும்.

டபிள்யூஎம்ஏ மைக்ரோசாஃப்டுடையது, 1999இல் வந்தது. 2004இல் வீட்டுக்குக் கணினி வந்த புதிதில் அப்பாவின் சிடிக்களை எல்லாம் அதில் ஏற்றினோம். கணினியோடு வந்த ப்ளேயர் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தது, எங்களுக்கும் வேறு தெரியாது. அந்த ப்ளேயரில் "பாட்டுக்குப் பூட்டுப் போடவா" என்று ஒரு டிக் இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. பூட்டுப் போட்ட ஃபைலுக்குச் சாவி அந்தக் கணினியிலேயே இருக்கும். கணினி 2009இல் செத்தது, சாவியும் போயிற்று. 60 சொச்சம் பாட்டு இன்றும் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன, எதிலும் பாடாது. உங்கள் டபிள்யூஎம்ஏ ஃபைல் விஎல்சியிலும் பாடவில்லை என்றால் அநேகமாக இந்தப் பூட்டுதான். மூல சிடியைத் தேடி மறுபடி எடுப்பதே வழி. எங்களுக்கு 60இல் 40 அப்படித் திரும்பக் கிடைத்தன.

எம்4ஏ தம்பி கொடுத்தது. அவன் சென்னையில் ஐட்யூன்ஸில் சிடி போட்டு எடுத்தான்; நாமாக மாற்றாவிட்டால் அது ஏஏசியாகத்தான் எடுக்கும். ஒரே அளவில் எம்பி3யைவிட ஏஏசி கொஞ்சம் நன்றாகவே இருக்கும். போனில் கேட்பதற்கு அருமை. அப்பாவின் பெட்டிக்கு ஆகாது.

ஃப்ளாக், ஏப், ஏஎல்ஏசி மூன்றும் எதையும் விடாமல் சுருக்குபவை. வேட்டியை மடித்துப் பெட்டியில் வைப்பது மாதிரி, விரித்தால் அதே வேட்டி. சிடித் தரத்தில் நாலு நிமிடப் பாட்டு வேவாக இருந்தால் 42 எம்பி. ஃப்ளாக்கில் ஏறக்குறைய அதில் பாதி, சிலது கூடும் குறையும். 192 வேகத்தில் (நொடிக்கு 192 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் 6 எம்பிக்குள். எதையும் விடாத வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ஃப்ளாக் என்பேன். 2001இல் வந்தது, எவருக்கும் கட்டுப்படாதது. ஆண்ட்ராய்டு, விண்டோஸ் 10, அதற்குப் பிறகு வந்த விண்டோஸ் எல்லாம் தாமாகவே பாடும். ஐபோனில் ஃபைல்ஸ் செயலியில் பாடும். ஆப்பிளின் மியூசிக் செயலிக்குள் மட்டும் ஏறாது. அங்கே ஏஎல்ஏசி ஆக்கிக் கொடுக்க வேண்டும், இரண்டிலுமே எதுவும் இழப்பதில்லை. வாட்ஸப்பில் வரும் குரல் பதிவு ஓபஸ். 2012இல் தரப்படுத்தப்பட்டது, குறைந்த இடத்தில் நன்றாகப் பேசும், குழாய்ப் பெட்டிக்கு அதுவும் தெரியாது.

சரி, இப்போது மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் அப்பாவுக்குப் புரிந்த விதத்தில் ஒன்றைச் சொல்கிறேன். கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டர்களில் மாஸ்டர் கேசட் என்று ஒன்று இருக்கும். வாடிக்கையாளருக்கு மாஸ்டரிலிருந்துதான் பதிந்து கொடுப்பார்கள். பதிந்த கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று போனால் மூன்றாவது கேசட்டில் பாட்டைவிட "உஸ்ஸ்" சத்தம் தூக்கலாக இருக்கும். எம்பி3யில் அந்த இரைச்சல் வராது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிடுவோம். ஆகும். டபிள்யூஎம்ஏவை எம்பி3 ஆக்கினால் ஏற்கெனவே விட்டது போக இன்னும் கொஞ்சம் விடுவோம். ஜால்ரா, சலங்கை, வயலின் மேல்ஸ்தாயி எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது மாதிரி ஆகும். 128இல் இருப்பதை 320 ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும், போன நாதம் போனதுதான்.

ஆகவே மாஸ்டர் என்று ஒரு ஃபோல்டர் வையுங்கள். சிடியிலிருந்து எடுத்தால் அதில் ஃப்ளாக்காக. எம்4ஏவாகவே கிடைத்தது எம்4ஏவாகவே இருக்கட்டும், டபிள்யூஎம்ஏ டபிள்யூஎம்ஏவாகவே. அங்கே எதையும் மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். பெட்டிக்கு ஒன்று, காருக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று தேவைக்கேற்ப மாஸ்டரிலிருந்து பதிந்து கொடுங்கள். பெட்டி மாறினால் மறுபடி மாஸ்டரிலிருந்து. மாஸ்டரை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைப்பது உங்கள் சாமர்த்தியம். எங்களுக்கு ஒன்று போய்த்தான் இந்தப் புத்தி வந்தது.

மாற்ற நான் பயன்படுத்துவது ஃபூபார்2000. 2002இலிருந்து இருக்கும் இலவச ப்ளேயர், பார்க்க அரசு அலுவலகப் படிவம் மாதிரி இருக்கும், வேலை சுத்தம். அதோடு அவர்கள் தளத்திலேயே கிடைக்கும் இலவச என்கோடர் தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். எம்பி3 ஆக்கும் லேம் அதில்தான் இருக்கிறது. மாஸ்டர் ஃபோல்டரை இழுத்து உள்ளே போடுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது பொத்தான், கன்வர்ட், மூன்று புள்ளி. வரும் பெட்டியில் மூன்று இடங்களைத்தான் நிரப்ப வேண்டும்: என்ன ஃபார்மட், எங்கே போட, இடையில் என்ன செய்ய.

ஃபார்மட்டில் எம்பி3. வேகம் எவ்வளவு? கூம்புக் குழாய்க்கு 128 போதும். குழாயில் அடிஸ்தாயியும் வராது, உச்சியும் வராது, நடுவில் இருப்பதுதான் ஊருக்குக் கேட்கும். பாக்ஸ் ஸ்பீக்கர் கட்டும் கல்யாணத்துக்கு 192. நல்ல காருக்கு 256. வேகத்தை மாறாமல் வைப்பதா, பாட்டுக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்க விடுவதா என்று இரண்டு வகை உண்டு. இரண்டாவது, அதாவது விபிஆர், இடத்துக்கு இடம் புத்திசாலித்தனமாகச் சுருக்கும். ஆனால் மலிவுப் பலகைகள் அதன் நீளத்தைத் தப்பாகக் காட்டும், ஓட்டிப் போட்டால் எங்கோ போய் நிற்கும். பெட்டிக்கு மாறாத வேகம், போனுக்கு விபிஆர் என்று வைத்திருக்கிறேன்.

இடையில் செய்ய வேண்டியதில்தான் மைக் செட் ரகசியம் இருக்கிறது. மூன்று வேலை.

ஒன்று, மோனோ ஆக்குவது. ஸ்டீரியோ வந்த புதிதில் பதிவான சில பாட்டுகளில் பாடுபவர் ஒரு பக்கம், வாத்தியம் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஆம்ப்ளிஃபயருக்கு ஒற்றை ஒயரில் இடது பக்கம் மட்டும் போனால் ஊருக்குத் தபேலா மட்டும் கேட்கும். ஒரு கல்யாணத்தில் பெண் குரலே வராமல் டூயட் பாட்டு முழுக்க ஓடியது. மாப்பிள்ளை மட்டும் கெஞ்சிக்கொண்டே இருந்தார். ஃபூபாரில் 'இடையில் என்ன செய்ய' என்ற இடத்தில் வரும் டிஎஸ்பி பட்டியலில் இரண்டு பக்கத்தையும் கலந்து மோனோ ஆக்கும் வசதி இருக்கிறது. அதைச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டு, ரீசாம்ப்ளர். நொடிக்கு 44,100 சாம்பிள் என்று வையுங்கள், சிடியின் அளவு அது. 96,000இல் வரும் உயர்தர ஃபைலோ, 8,000இல் இருக்கும் பழைய போன் பதிவோ எதுவாயிருந்தாலும் ஒரே அளவாகிவிடும். பலகைக்கு இந்த ஓர் எண் கட்டாயம் தெரியும்.

மூன்று, சத்தத்தைச் சமப்படுத்துவது. சாமி பாட்டு மெல்லிசாகப் போய்க்கொண்டிருக்கும், அடுத்து வரும் குத்துப்பாட்டு காதைப் பிளக்கும். அப்பா ஓடிப்போய் வால்யூமைக் குறைப்பதற்குள் நாற்காலியில் இருக்கும் பெரியவர்கள் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். புதிய பாட்டுகளைப் பழையவற்றைவிட ரொம்ப உரக்கப் பதிகிறார்கள். மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது பொத்தானில் ரீப்ளேகெயின் ஸ்கேன் கொடுங்கள். ஒவ்வொரு பாட்டின் உரப்பையும் அளந்து குறித்துக்கொள்ளும். நல்ல ப்ளேயர்கள் அந்தக் குறிப்பைப் படித்துத் தாமே ஏற்றி இறக்கும். நம் பெட்டி படிக்காது என்பதால், கன்வர்ட்டரிலேயே ரீப்ளேகெயினை நடைமுறைப்படுத்தச் சொல்லி ஒலியோடு சேர்த்தே பதிந்துவிட வேண்டும். மாஸ்டரில் இப்படி ஒலியோடு சேர்த்துப் பதியாதீர்கள், பதிந்து கொடுக்கும் நகலில் மட்டும்.

ஒரே பெரிய ஏப் ஃபைலும் பக்கத்தில் க்யூ என்று ஒரு குட்டி ஃபைலும் இருந்தால், அது முழு சிடியையும் ஒரே மூச்சாக எடுத்தது. எந்த நொடியில் எந்தப் பாட்டு என்ற விவரம் க்யூவில் இருக்கும். ஏப்பை விட்டுவிட்டு க்யூவை ஃபூபாரில் திறந்தால் தனித்தனிப் பாட்டாகத் தெரியும். திறக்க மறுத்தால் க்யூவை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே ஃபைல் பெயர் வேவ் என்று எழுதியிருக்கும், பக்கத்தில் இருப்பதோ ஏப். அந்த வார்த்தையைத் திருத்தினால் போதும். கச்சேரி சிடிக்களை இப்படி ஒரே மூச்சாக வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. ராகம், தானம், பல்லவி என்று தொடர்ந்து போவதைத் தனித்தனி எம்பி3யாக வெட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் சின்ன இடைவெளி விழும். எம்பி3 தன் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துக்கொள்ளும் சுபாவம் உடையது. ஃபூபார் அந்த மௌனத்தைத் தாண்டத் தெரிந்தது. பெட்டிக்குத் தெரியாது. கச்சேரியைப் பெட்டிக்குக் கொடுப்பதாக இருந்தால் வெட்டாமல் ஒரே எம்பி3யாகக் கொடுங்கள்.

ஃப்ளாக் என்று பெயர் இருந்தால் தரம் உறுதி என்றும் இல்லை. மாமா மகன் ஒரு டிஸ்க் நிறைய ஃப்ளாக் கொடுத்தான். அப்பா ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இதுல ஜால்ரா எங்க?" என்றார். ஸ்பெக் என்ற மென்பொருளில் போட்டேன், அது பாட்டைப் படமாக வரைந்து காட்டும். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்தது மாதிரி ஒன்றுமில்லை. பழைய 128 எம்பி3யை யாரோ ஃப்ளாக் டப்பாவில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்க எனக்குப் படம் தேவைப்பட்டது, அவருக்குத் தேவைப்படவில்லை.

பாட்டு தயார். இனி பென் டிரைவ். ஃபார்மட் என்ற அதே சொல் இங்கே வேறு பொருளில் வரும், குழம்பாதீர்கள். டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை ஃபேட்32 ஆக இருக்க வேண்டும். புதிதாக வாங்கும் பெரிய டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வரும், பெட்டி அவற்றைக் கண்டுகொள்ளாது. 32 ஜிபிக்கு மேல் போனால் விண்டோஸின் ஃபார்மட் பெட்டி பொதுவாக ஃபேட்32ஐக் காட்டவே காட்டாது. எதற்கு வம்பு, 8 ஜிபி டிரைவ் வாங்குங்கள். 128 வேகத்தில் நாலு நிமிடப் பாட்டு 2,000 பிடிக்கும். மூன்று நாள் திருவிழாவுக்கும் ஒரே பாட்டு இரண்டாம் முறை வராது.

வரிசைதான் எல்லோரையும் குழப்புவது. கணினியில் பெயர் வரிசையில் அழகாகத் தெரியும், பெட்டியில் தாறுமாறாகப் பாடும். பல பெட்டிகள் பெயரைப் பார்ப்பதில்லை. எது முதலில் டிரைவில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். முதல் பாட்டு பிள்ளையாராக இருந்தே ஆக வேண்டிய தொழிலில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். டிரைவைக் காலியாக்கி ஃபார்மட் செய்துவிட்டு, பிள்ளையாரை மட்டும் முதலில் தனியாக ஏற்றுங்கள். பிறகு மற்றவை, ஒவ்வொரு ஃபோல்டராக. ஏற்கெனவே ஏற்றியதை வரிசைப்படுத்த ட்ரைவ்சார்ட் மாதிரி சிறு மென்பொருள்களும் உண்டு. இடையில் ஒரு பாட்டை அழித்துவிட்டு வேறொன்று ஏற்றினால், அது அழித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். சாவு வீட்டுக்கு என்று வைத்திருந்த பாட்டு இப்படி ஒரு நிச்சயதார்த்தத்தில் மூன்றாவதாக வந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத அப்பா அனுமதிக்கவில்லை.

ஆப்பிள் கணினியிலிருந்து ஏற்றினால் ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்கும் மறைவு ஃபைல் ஒன்று வந்து சேரும். பெட்டி அதையும் பாட்டென்று நினைத்துத் திணறும். விண்டோஸில் திறந்து மறைவு ஃபைல்களைக் காட்டச் சொல்லி அழித்துவிடுங்கள்.

பெயர்கள். ஃபைல் பெயரைத் தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான். மலிவுத் திரையில் அது கட்டம் கட்டமாகத் தெரியும், சில பெட்டிகள் தாண்டியே போய்விடும். பெட்டிக்கு ஆங்கில எழுத்தில், சுருக்கமாக. மாஸ்டரில் தமிழ். பாட்டுக்குள்ளேயே பெயர், படம், பாடியவர் என்று எழுதி வைக்கும் இடத்துக்கு ஐடி3 என்று பெயர். அதன் முதல் வகையில் பெயருக்கு மொத்தம் 30 பைட்தான். யூனிகோடைப் பொதுவாகச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். அந்த இடத்தில் பத்தைத் தாண்டாது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறியீடு என்பதால் "பிள்ளையார்" என்று எழுதும்போதே பத்தும் போய்விடும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஐடி3யின் 2.3 வகையை, யூடிஎஃப்16 என்ற தேர்வோடு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுதலாம், பழைய கருவிகளும் படிக்கும். 2000ஐ ஒட்டி வந்த பாட்டுகளில் பெயர் இருக்கும் இடத்தில் மேலே கோடு, கீழே வால் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக ஏதோ தெரிந்தால், அது கெட்டுப்போனதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப் போன்ற முறைகளில் எழுதிய தமிழ். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் பெயர் திரும்பி வரும். ஆல்பம் படத்தைப் பெட்டிக்கான நகலில் எடுத்துவிடுங்கள். பெரிய படமாக இருந்தால் அதைத் தாண்டிப் பாட்டுக்கு வருவதற்குள் எங்கள் பெட்டி இரண்டு மூன்று நொடி யோசிக்கிறது.

இவ்வளவு எதற்கு, போனிலிருந்து ப்ளூடூத்தில் போடலாமே என்று தம்பி கேட்டான். போடலாம். பாட்டை விரிக்கும் வேலை போனுடையது, பெட்டிக்கு ஃபார்மட் கவலை இல்லை. அப்படித்தான் ஒருநாள் போட்டான். நடுவில் அவனுக்கு ஒரு பெண்ணிடமிருந்து போன் வந்தது. எட்டுக் குழாயிலும் வந்தது. இப்போது பென் டிரைவ்தான்.

ஏற்றி முடித்ததும் லேப்டாப்பில் பார்க்காதீர்கள். எந்தப் பெட்டியில் பாடப் போகிறதோ அதில் செருகி, ஒவ்வொரு பாட்டையும் பத்து நொடி ஓடவிடுங்கள். நான் அத்தனையும் பார்ப்பதில்லை, ஃபோல்டருக்கு முதலும் கடைசியும் நடுவில் ஒன்றிரண்டும். அதேபோல இன்னொரு டிரைவ் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும்.

கடைசியாக ஒரு ஃபார்மட் பாக்கி. ஆயாவின் கும்மிப் பாட்டு ஒன்றை 2008இல் ஒரு பட்டன் போனில் பிடித்து வைத்திருந்தேன். ஏஎம்ஆர் என்று முடியும் ஃபைல், போன் பேச்சுக்காகச் செய்தது. நொடிக்கு 8,000 சாம்பிள்தான், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. மென்பொருளில் போட்டுத் தேய்த்து மெருகேற்றப் பார்த்தேன், ஆயா ரோபோ மாதிரி பாடினார். விட்டுவிட்டேன். ஏஎம்ஆர் அப்படியே மாஸ்டரில் இருக்கிறது. பெட்டிக்கு விஎல்சியில் மீடியா, கன்வர்ட் போய் முதலில் வேவ் ஆக்கினேன். பிறகு ஃபூபாரில் 44,100, மோனோ, 128. ஹெட்ஃபோனில் கேட்டால் தகர டப்பாவுக்குள் பாடுவது மாதிரித்தான் இருக்கும். குழாயும் அதற்கு மேல் பெரிதாக எதையும் கொடுக்காது என்பதால், போன வருட முளைப்பாரிக்குப் போட்டபோது மற்ற பாட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. குளத்தங்கரை வரைக்கும் கேட்டதாம்.

இந்த வருடம் ஆடிக்கு முன் டிரைவை எடுத்துக்கொண்டு அப்பா வந்தார். "அத 147ல போட்டுருக்க. தேடிப் பிடிக்கிறதுக்குள்ள கும்மி முடிஞ்சு போவுது. 002ல போடு தாயி." டிரைவைக் காலியாக்கி, முதலில் பிள்ளையாரை ஏற்றினேன்.